1980களின் படங்கள்: ஆண்டுக் கணக்கு எந்த ஊர்க் கணக்கு?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

சேலம் லீ பஜார் மண்டி ஒன்றில் 34 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். அந்தக் கை வீட்டிலும் சும்மா இருந்ததில்லை என்பதற்குச் சான்றாக நேற்று பரணிலிருந்து 4 நோட்டுகள் இறங்கின. பார்த்த படம், தேதி, கொட்டகை, டிக்கெட் விலை, கூட வந்தவர், கடைசிக் கட்டத்தில் ஒரே வரியில் அபிப்பிராயம். 1980 ஜனவரியில் தொடங்கி 1989 டிசம்பரில் முடிகிறது. அதன்பிறகு மகளுக்குப் பள்ளிக்கூடம், எனக்குச் சர்க்கரை. நோட்டு நின்றுவிட்டது.

ஆகவே இந்த இழை. 1980களில் வெளியான தமிழ்ப் படங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஐந்தைச் சொல்லுங்கள். பிடித்தவைதான் வேண்டும், சிறந்தவை எவை என்று தீர்ப்புச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நிபந்தனைகள் மூன்று. படம் 1-1-1980க்கும் 31-12-1989க்கும் இடையில் வெளிவந்திருக்க வேண்டும். மொழிமாற்றுப் படம் கூடாது. ஏன் பிடிக்கும் என்று காரணம் சொல்ல வேண்டும். "அருமையான படம்" என்பது காரணம் ஆகாது. மண்டியில் "நல்ல சரக்கு" என்பது போலத்தான் அதுவும். சொல்லாத வியாபாரி கிடையாது.

என் கணக்கு:

ஜானி (1980). திருடனுக்கும் சவரத் தொழிலாளிக்கும் ஒரே முகம் என்பது பழைய கதைதான். ஆனால் ஸ்ரீதேவி தன் மனத்தைத் திறந்து சொல்லும் காட்சியில் ரஜினி பதில் சொல்லத் தயங்குவார் பாருங்கள், அந்த ஆண்டு பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் எனக்கும் நாக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மகேந்திரனுக்கு என் சங்கடம் எப்படித் தெரிந்தது என்று அன்று வியந்தேன்.

அந்த 7 நாட்கள் (1981). முடிவை இன்றைக்குப் பலர் ஏற்கமாட்டார்கள். என் மகளே ஏற்கவில்லை. நோட்டில் "முடிவு சரி" என்று எழுதியிருக்கிறேன். இப்போது எழுதச் சொன்னால் பக்கத்தில் கேள்விக்குறி போடுவேன். பட்டியலிலிருந்து எடுக்க மட்டும் மனமில்லை, காஜா ஷெரீப்புக்காக.

முதல் மரியாதை (1985). மூன்று முறை, மூன்று முறையும் தனியாக. நாயகன் (1987), காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வீடு (1988), இதற்கு ஒரு கதை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

மல்கோவா

//நாயகன் (1987), காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்//

நிபந்தனை போட்டவரே முதல் பதிவில் மீறிவிட்டார். குறித்துக்கொள்ளுங்கள்.

ஐயா, நான் பிறந்தது 1996. இந்தப் படங்கள் எல்லாம் எனக்குக் கைப்பேசியில் ஒரே வாரத்தில் வெளியானவை. இருந்தாலும் சொல்கிறேன். நெஞ்சத்தைக் கிள்ளாதே (1980). காலையில் காந்தி மைதானத்தில் ஓடுகிறவன் நான். சுகாசினியும் மோகனும் ஓடிக்கொண்டே வரும் அந்தப் பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். மூச்சு அளந்து வைத்ததுபோல உட்காருகிறது. இசையமைத்தவரும் ஓடிப் பார்த்திருப்பாரோ என்று சந்தேகம்.

அடுத்து பேசும் படம் (1987). இங்கே ஓர் ஐயம். மொழிமாற்றுப் படம் கூடாது என்கிறீர்கள். இதில் மொழியே இல்லை. கன்னடத்தில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர், நடுவில் வசனம் கிடையாது. செல்லுமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

செல்லும். தலைப்பு தமிழில் இருக்கிறது, போதும்.

தறிச்சத்தம்

தாரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பெயர் சொன்னாலும் தெரியாது, பஸ்ஸில் கேட்டால் நடத்துநர் முழிப்பார். நான்கு தறிகள் இருக்கின்றன, ஓடுவது இரண்டு.

என் பட்டியலில் முதல் படம் உதிரிப்பூக்கள். காரணம் கேட்டீர்கள், சொல்கிறேன். காலை 6 மணிக்குத் தறிக்கூடத்தில் நுழைகிறவன் இரவுவரை அந்தச் சத்தத்திலேயே இருப்பான். எங்கள் ஊரில் எல்லாருமே கொஞ்சம் உரத்துத்தான் பேசுவோம், கோபம் என்று நினைத்துவிடாதீர்கள், காது அப்படி. சனிக்கிழமை கூலி வாங்கியதும் டூரிங் கொட்டகை. அங்கேயும் பெரும்பாலும் சண்டை, வசனம், பாட்டு என்று தறியைவிட இரைச்சல்.

இந்தப் படம் வந்த அன்று மட்டும் கொட்டகையில் ஒரு மாதிரியான அமைதி. திரையில் யாரும் அதிகம் பேசவில்லை. விஜயன் கத்தமாட்டார், மிரட்டமாட்டார், சும்மா நின்று பார்ப்பார், அதற்கே பயமாக இருக்கும். பிள்ளைகள் இரண்டும் நடந்து போவார்கள். காற்று வீசும். தறிக்காரனுக்கு அது படம் மட்டும் அல்ல, ஓய்வும் கூட. கடைசியில் ஆற்றங்கரைக் காட்சி முடிந்து விளக்குப் போட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை. கொட்டகைக்காரர் வந்து "படம் முடிந்தது" என்று சொன்ன பிறகுதான் எழுந்தோம்.

எங்கள் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர். சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். ஆகவே எனக்கு உதிரிப்பூக்கள் மூன்று இடைவேளை உள்ள படம். பிற்காலத்தில் சேலத்தில் ஒற்றை இடைவேளையோடு பார்த்தபோது எதையோ வெட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

மற்ற நான்கை நாளை எழுதுகிறேன். பாவு ஓட்ட ஆள் வந்துவிட்டார்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் உதிரிப்பூக்கள் 1979. அடித்துவிட்டேன்.

தறிச்சத்தம்

எங்கள் ஊருக்கு அது வந்தது 1981 மாசியில். நன்றாக நினைவிருக்கிறது, ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிய வாரம். 1979இல் அப்படி ஒரு படம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

மண்டிக்கு வெல்லம் வந்த தேதிதான் பேரேட்டில் ஏறும். அதை வாங்கிப்போய் உங்கள் வீட்டில் பொங்கல் வைத்த தேதி ஏறாது. படம் வெளியான தேதி ஒன்றுதான். ஆளுக்கொரு தேதி என்றால் பத்தாண்டு என்ற பேச்சே எதற்கு?

படப்பெட்டி

இந்தத் தகராறில் எனக்கு உரிமை உண்டு. 1978 முதல் 1993 வரை விநியோகஸ்தர்களிடம் பிரதிநிதியாக இருந்தேன். படச்சுருள் பெட்டியோடு போவது, கொட்டகையில் உட்கார்ந்து டிக்கெட் எண்ணுவது, வசூல் தாளில் கையெழுத்து வாங்குவது, மறுநாள் பஸ்ஸில் அடுத்த ஊர்.

தமிழ்நாட்டைப் பட வியாபாரத்தில் ஏரியாக்களாகப் பிரித்திருப்பார்கள். செங்கல்பட்டு, வட ஆர்க்காடு தென் ஆர்க்காடு, திருச்சி தஞ்சை, மதுரை, நெல்லை, கோவை என்று போகும். சேலம் தனி ஏரியா. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களும் அதில் அடக்கம். இத்தனை பெரிய நிலத்துக்கு, நான் கையாண்ட சாதாரணப் படங்களுக்குக் கிடைத்தது நான்கைந்து பிரதிகள்தாம். பெரிய நடிகர் என்றால் இன்னும் இரண்டு மூன்று. முதலில் சேலம் நகரம், ஆத்தூர், நாமக்கல், தர்மபுரி போன்ற ஊர்கள். அங்கே ஓடி ஓய்ந்த பிறகு ஓமலூர், வாழப்பாடி மாதிரி ஊர்கள். அதற்கும் பிறகு டூரிங் கொட்டகைகள். அங்கே பங்கு பேசுவதில்லை, நாளுக்கு இவ்வளவு என்று வாடகை.

படம் நன்றாக ஓடினால் கிராமத்துக்கு வரத் தாமதமாகும், நகரம் விடாது. ஓடாவிட்டாலும் தாமதம்தான், கிராமத்தில் கேட்க ஆளிருக்காது. எங்காவது ஒரு வாரம் காலியாக விழுந்தால் மலிவாகக் கொடுத்து அனுப்புவோம். உதிரிப்பூக்கள் தறிச்சத்தம் தம்பியின் ஊருக்கு ஒன்றரை ஆண்டு கழித்துப் போனதில் எனக்கு வியப்பில்லை.

இன்னொன்று. போய்ச் சேர்ந்தது அதே படம்தானா? ஒரு ரீல் ஆயிரம் அடி, ஓடினால் 11 நிமிடம். 14, 15 ரீல்கள் 30 ஊர் சுற்றினால் ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஒட்டு, ஒவ்வோர் ஒட்டிலும் இரண்டு மூன்று கட்டம் (ஃபிரேம்) போகும். நல்ல பாட்டு என்றால் ஆபரேட்டர் ஆசைக்கு நான்கு கட்டம் வெட்டி எடுத்துவைத்துக்கொள்வார். சேலத்தில் ஒரே பிரதியை இரண்டு கொட்டகைகளில் ஓட்டிய நாட்களும் உண்டு. இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டி அங்கே கொண்டுபோவான் பையன். ஒரு தடவை ஐந்து ரோட்டில் சங்கிலி கழன்று 10 நிமிடம் தாமதம். திரையில் விளம்பரச் சிலைடையே திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

என் தீர்ப்பு: பெட்டி வந்த நாள்தான் வெளியான நாள். தொழில் பேச்சிலும் "படம் எங்கள் ஊருக்கு எப்போது ரிலீஸ்" என்றுதான் கேட்பார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

தொழில் பேச்சு வேறு, பேரேடு வேறு. அடித்தது அடித்ததுதான்.

கொண்டைஊசி

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். அண்ணன்மார்கள் தேதிக்குச் சண்டை போடுகிறீர்கள். எங்களுக்குத் தேதியோடு முடிவும் சிக்கல்.

தீபாவளிப் படம், பொங்கல் படம் என்று நீங்கள் சொல்வது மலையில் எங்களுக்குப் பொருளே இல்லாத சொல். நவம்பரில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கினால் பிப்ரவரி வரை பறிப்பு. அப்பாவுக்கு விடுப்புக் கிடையாது. பறிப்பு முடிந்து, கணக்கு முடித்து, கையில் பணம் வந்த பிறகு மார்ச்சில் ஒருநாள் குடும்பத்தோடு சேலம் இறங்குவோம். ஆகவே எங்கள் வீட்டுத் தீபாவளிப் படம் மாசி பங்குனியில் வரும். 1980 தீபாவளிக்கு வந்த வறுமையின் நிறம் சிவப்பை அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் பார்த்தேன். அதே தீபாவளிக்கு, அதேபோல வேலையில்லாத படித்த இளைஞர்களைப் பற்றி வந்த நிழல்கள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை, ஓடிப்போய்விட்டது. பாட்டை மட்டும் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இறங்கும் நாளில் முதலில் கடைவீதி. ஓராண்டுக்குத் துணி, பாத்திரம், மருந்து. பிறகு படம். பகல் காட்சிக்கு டிக்கெட் கிடைத்தால் முழுப் படம் பார்க்கலாம். கிடைக்காமல் மாலைக் காட்சிக்குப் போனால் கடைசி 20 நிமிடம் இல்லை. மலைக்குப் போகும் கடைசிப் பஸ் யாருக்காகவும் நிற்காது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து எங்கள் தோளைத் தட்டுவார். இருட்டில் காலை மிதித்து, திட்டு வாங்கி, வெளியே வந்து ஓடுவோம். பஸ்ஸில் ஏறி முதல் கொண்டை ஊசி வளைவில் தம்பி ஒரு முடிவு சொல்வான், ஐந்தாவது வளைவில் நான் வேறு முடிவு சொல்வேன், இருபதாவது வளைவுக்குள் அம்மா ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தருவார். அதுதான் எங்கள் வீட்டுக் கிளைமாக்ஸ்.

மூன்றாம் பிறை (1982) அப்படிப் பார்த்த படம். கமல் ஸ்ரீதேவியை வைத்தியரிடம் கூட்டிப்போகிறார், குணமாகப்போகிறது, அப்பா தோளைத் தட்டினார். பதினான்காவது வளைவில் அம்மா இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்துவிட்டார். ஆறு ஆண்டுகள் என் மூன்றாம் பிறையில் சீனு விஜியோடு நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தான். 1988இல் ஒரு கல்யாண வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார்கள். ரயில் நிலையக் காட்சி வந்தது. மழை, சேறு, தலையில் பானையோடு அவர் குரங்கு மாதிரி ஆடிக் காட்டுகிறார், அந்தப் பெண் சில்லறை கேட்கும் பைத்தியம் என்று நினைக்கிறாள். நான் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டேன். அம்மா அங்கே ஏற்கெனவே இருந்தார். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

ஐயா, உங்கள் பேரேட்டில் இந்தப் படத்தை எந்தத் தேதியில் ஏற்றுவீர்கள்? 1982இல் பார்த்தது ஒரு படம், 1988இல் பார்த்தது இன்னொரு படம். எனக்குப் பிடித்தது முதலாவது.

மல்கோவா

அக்கா, எனக்கு அந்த 20 நிமிடத்தை வெட்டிவிட்ட பிரதிதான் வேண்டும். எங்கே கிடைக்கும்?

கொண்டைஊசி

கடைசிப் பஸ்ஸில்.

பழைய வளைவு

வயது 81. அஸ்தம்பட்டி. பேரன் தட்டச்சு செய்கிறான், நான் சொல்லச் சொல்ல.

பெட்டி எப்போது வரும் என்று நீங்கள் எல்லாரும் காத்திருந்த கதையைப் படித்தபோது சிரிப்பும் வருத்தமும் வந்தன. இது பெட்டிக்காகக் காத்திருந்த ஊர் அல்ல அப்பா, பெட்டி அனுப்பிய ஊர். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறீர்கள்? திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் 1937இல் சதி அகல்யாவில் தொடங்கினார். மறு ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும் படமான பாலன். 1950இல் மந்திரி குமாரி. 1956இல் அலிபாபாவும் 40 திருடர்களும், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். 1961இல் மலையாளத்துக்கும் முதல் வண்ணப் படத்தை இங்கிருந்துதான் கொடுத்தார்கள்.

என் அப்பா அங்கே தச்சு வேலை. அரண்மனைத் தூண்கள் செய்வார். ஒரு தூணை இரண்டு ஆள் தூக்கிவிடலாம், உள்ளே வெறும் சட்டம், மேலே துணியும் சாந்தும். படம் பார்க்கப் போனால் கதையைப் பார்க்கமாட்டார். "அந்தத் தூண் என்னுடையது, இடது ஓரம் சரியாக வரவில்லை" என்பார். பக்கத்தில் இருப்பவர்கள் "உஷ்" என்பார்கள். சுந்தரம் 1963இல் காலமானார். மகன் காலத்திலும் படங்கள் வந்தன, பிறகு கதவு மூடியது. உங்கள் 1980களில் அங்கே புல் முளைத்திருந்தது.

எனக்குப் பிடித்த பத்தாண்டு 1950கள். இந்த இழையில் இடமில்லை என்றால் அடித்துவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

ஐயா, உங்கள் பதிவை அடிக்க எனக்குக் கை வராது. நிபந்தனைக்கு வெளியே இருக்கிறது, இருக்கட்டும்.

நேற்று இரவு கொண்டைஊசி அம்மாவின் பதிவை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "நீங்கள் மட்டும் ஒழுங்கா? வீடு படத்தை எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். ஆகவே அந்தக் கதை.

அன்னதானப்பட்டியில் 1986இல் வீடு கட்டத் தொடங்கினேன். ஒப்பந்தம் எடுத்தவர் மிகவும் மரியாதையானவர், பேச்சில் தேன். 60 மூட்டை சிமென்ட் இறக்கினேன். மண்டியில் ஒரு மூட்டை மிளகாய் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவன், என் சொந்தச் சிமென்ட் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கவில்லை. கூரை போட்ட முதல் மழையிலேயே ஒழுகியது. அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மீதி வேலையை மனைவியின் வளையல் முடித்தது.

பாலு மகேந்திராவின் வீடு வந்தபோது கொட்டகையில் எண்ணிப் பார்த்தேன், 12 பேர். பாட்டு இல்லை. அர்ச்சனா நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் கடன் வாங்கிக் கட்டுகிறார். சிமென்ட் களவு போகிறது. அதைச் சொல்லிக்கொடுப்பது வேலைக்கு வந்த சித்தாள் பெண். அந்த இடத்தில் நான் "அடப்பாவி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மற்ற 11 பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டிலும் ஒரு சித்தாள் இருந்தார், ஏதோ சொல்ல வந்தார் ஒருநாள், நான்தான் "வேலையைப் பார் அம்மா" என்று அனுப்பிவிட்டேன். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைச் சுற்றிப் பார்த்துச் சுவரைத் தடவுவார். என் அப்பாவும் தடவினார். அவர் குடிபுகுவதைப் பார்க்கவில்லை.

நோட்டில் வழக்கமான ஒரு வரிக்குப் பதிலாக மூன்று வரி இருக்கிறது. இங்கே எழுதமாட்டேன்.

மனைவி கேட்டது இதுதான்: அந்தப் படம் சென்னையில் எந்த மாதம் வந்தது, நம்மூரில் எந்த மாதம் வந்தது, அது உங்களுக்கு முக்கியமா? கூரை ஒழுகிய பிறகு வந்தது என்பதுதானே முக்கியம்? பதில் சொல்லத் தெரியவில்லை. பேரேட்டில் இன்னொரு பத்தி போடுகிறேன். முதல் பத்தி, வெளியான ஆண்டு. இரண்டாம் பத்தி, பெட்டி வந்த ஆண்டு. உதிரிப்பூக்கள் இரண்டாம் பத்தியில் ஏறும், 1981 மாசி.

தறிச்சத்தம்

நன்றி ஐயா. அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்போது மற்ற நான்கு. தண்ணீர் தண்ணீர் (1981). மேட்டூர் அணை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 120 அடி நிரம்பினால் செய்தித்தாளில் படம் போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் கீழே தஞ்சாவூருக்குப் போகும், நாங்கள் மேட்டில் நின்று பார்ப்போம். கோமல் சுவாமிநாதன் எழுதியது தெற்கே கரிசல் காட்டு ஊரைப் பற்றி என்பார்கள். எங்கள் கொட்டகையில் அப்படி யாரும் நினைக்கவில்லை. மக்களே கால்வாய் வெட்டப் போகும் இடத்தில் முன் வரிசையில் ஒருவர் எழுந்து மண்வெட்டி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். அவர் கொஞ்சம் குடித்திருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

மூடுபனி (1980). இதை நான் பார்த்தேன் என்று சொல்வதைவிடக் கேட்டேன் என்று சொல்வது பொருந்தும். பாலு மகேந்திரா இயற்கை வெளிச்சத்தில் எடுத்திருப்பார், எங்கள் கொட்டகையில் புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சியை மிச்சம் பிடிப்பார்கள். இருட்டுக்குள் இருட்டு. யார் கொலை செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் பயந்தோம், கூடுதலாகவே பயந்தோம்.

ஊமை விழிகள் (1986). திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்தது, அகலத்திரை. எங்கள் கொட்டகையில் அதற்கான லென்ஸ் கிடையாது. வாடகைக்குச் சொல்லியிருந்த லென்ஸ் இரண்டாம் நாள்தான் வந்தது. முதல் நாள் சாதாரண லென்ஸிலேயே ஓட்டிவிட்டார்கள். விஜயகாந்த் பனைமரம் மாதிரி ஒல்லியாக, நெடுநெடு என்று வந்தார். கார் எல்லாம் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தது போல. நாங்கள் அதுதான் புதுமை என்று நினைத்துக் கைதட்டினோம். மறுநாள் சரியான அகலத்தில் பார்த்தவர்கள் "நேற்று பார்த்ததுதான் பயங்கரம்" என்றார்கள்.

ஐந்தாவது கரகாட்டக்காரன். எங்கள் ஊருக்கு வந்தபோது கொட்டகைக்கு வெளியே வண்டிகள் நின்ற நீளம் அரை மைல். 1990 பொங்கல். அந்தக் கூட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

படப்பெட்டி

//மறுநாள் சரியான அகலத்தில்//

அந்த லென்ஸைக் கொண்டுவர வேண்டியவன் ஓமலூரில் இறங்கி டீ குடித்துவிட்டுப் பஸ்ஸைத் தவறவிட்டான் என்று எங்கள் அலுவலகத்தில் பேச்சு உண்டு. அது நானாக இருக்க வாய்ப்பில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

தறிச்சத்தம் தம்பி, கரகாட்டக்காரன் 1989 ஜூன். முதல் பத்தியில் ஏறும். ஆனால் நீங்கள் கேட்டு வாங்கியது இரண்டாம் பத்தி. அதில் 1990 பொங்கல் என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். 1980களில் இல்லை. அடித்துவிட்டேன்.

மல்கோவா

ஐயா, இன்று உங்களுக்கு நிம்மதியான தூக்கம் வரும்.

தறிச்சத்தம்

கொஞ்சம் பொறுங்கள். 1989 தீபாவளிக்கு, தலைத் தீபாவளி, மாமனார் ஊரான ராசிபுரத்தில் இதே படத்தைப் பார்த்தேன். இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

டிக்கெட் இருக்கிறதா?

தறிச்சத்தம்

மாமனார்தான் எடுத்தார். மாப்பிள்ளையிடம் டிக்கெட்டைக் கொடுப்பார்களா ஐயா?